விடுதலைக்குப் பின் – 17: மண்வெட்டியும் கரும்பலகையும்

1966 அக்டோபர் 22. பட்டமளிப்பு விழாவுக்கு அணியும் அங்கிகளோடு, தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் அதிபர் மாளிகைக்கு ஊர்வலமாக வந்தார்கள். படித்து முடித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் தேசியப் பணி செய்தாக வேண்டும் என்று அரசு அறிவித்திருந்தது. அதில் பெரும்பகுதிக் காலம் சம்பளத்தில் 40 சதவீதம்தான் கைக்கு வரும். அதை எதிர்த்துத்தான் ஊர்வலம். இதற்குக் காலனி ஆட்சியே மேல் என்றுகூட ஒரு பதாகையில் எழுதியிருந்தார்கள்.

மாணவர்கள் சொன்னதை அதிபர் ஜூலியஸ் நைரேரே கேட்டார். படித்தவர்களின் சம்பளம் இந்த ஏழை நாட்டுக்குத் தாங்காது என்பதுதான் அவர் பதில். என் சம்பளமும் அதிகம்தான் என்று சொல்லி, அந்த இடத்திலேயே அதில் 20 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். பிறகு முந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கல்லூரியை விட்டு வீட்டுக்கு அனுப்பினார். பெரும்பாலானவர்கள் அடுத்த ஆண்டு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்.

தன்னையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு தியாகம் கேட்கும் நேர்மையும், மறுத்துப் பேசியவர்களை ஒரே நாளில் வெளியேற்றும் அவசரமும் அந்தப் பகலில் ஒரே மனிதரிடம் வெளிப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுத் தான்சானிய வரலாற்றை எழுதியவை இந்த இரண்டும்தான்.

தொடங்கிய இடம்

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே உள்ள புத்தியாமா என்ற சிற்றூரில், சனாகி என்ற சிறிய இனக்குழுவின் தலைவர் ஒருவருக்கு 1922-இல் பிறந்தவர் நைரேரே. பன்னிரண்டு வயதில்தான் பள்ளிக்கூடம் போனார். கம்பாலாவின் மக்கரேரே கல்லூரியிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் படித்துத் திரும்பி, தார் எஸ் சலாம் அருகே புகு என்ற ஊரில் ஆசிரியராக இருந்தார். 1954 ஜூலை 7-இல் ‘தானு’ என்ற தங்கனீக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் அவர் தலைமையில் உருவானது. ஆசிரியர் வேலையா, அரசியலா என்ற நெருக்கடி வந்தபோது வேலையை விட்டார். ஆனாலும் கடைசிவரை மக்கள் அவரை அழைத்த பெயர் ‘முவாலிமு’. சுவாஹிலியில் ஆசிரியர் என்று பொருள்.

1961 டிசம்பர் 9-இல் தங்கனீக்கா விடுதலை பெற்றது. 1964-இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆனது. ஆங்கிலேயர் விட்டுச் சென்றபோது நாட்டில் 85 சதவீதம் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பொறியாளர்கள் இரண்டு பேர், மருத்துவர்கள் பன்னிரண்டு பேர் என்று நைரேரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

வேளாண்மையில் காலனி அரசு விட்டுச் சென்ற பெரிய நினைவு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் சமையல் கொழுப்புக்குத் தட்டுப்பாடு. தங்கனீக்காவில் சுமார் 32 லட்சம் ஏக்கரைத் திருத்தி நிலக்கடலை பயிரிட்டுத் தீர்த்துவிடலாம் என்று லண்டனில் முடிவெடுத்தார்கள். கொங்வா என்ற இடத்தில் இயந்திரங்கள் இறங்கின. அந்த மண் வெயிலில் காய்ந்தால் இறுகிக் கட்டாந்தரையாகும். மழையும் அங்கே நம்பத்தக்கதல்ல. அங்கேயே வாழ்ந்த கோகோ மக்களுக்கு இது தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1951-இல் திட்டத்தைக் கைவிட்டபோது சுமார் 3 கோடியே 60 லட்சம் பவுண்டு மண்ணோடு போயிருந்தது.

வாசகர்கள் கொங்வாவை நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் அது வேறு உருவில் திரும்ப வரும்.

தலைவர்களுக்கு முதல் கட்டுப்பாடு

மாணவர் ஊர்வலம் நடந்து மூன்று மாதத்தில், 1967 ஜனவரி இறுதியில், தானுவின் தேசியச் செயற்குழு அருஷா நகரில் கூடியது. பிப்ரவரி 5-இல் அருஷா பிரகடனம் வெளியானது. வங்கிகளும் பெரிய ஆலைகளும் அரசுடைமையாயின. வெளிநாட்டுப் பணத்தை நம்பி நாடு வளராது, நிலமும் உழைப்பும்தான் நம் முதல், ஆகவே கிராமத்திலிருந்து தொடங்குவோம் என்றது பிரகடனம்.

அதன் கூர்மையான பகுதி தலைமை ஒழுங்கு விதிகள். கட்சியிலோ அரசிலோ தலைமைப் பொறுப்பில் இருப்பவர் எந்த நிறுவனத்திலும் பங்கு வைத்திருக்கக் கூடாது. தனியார் நிறுவனத்தில் இயக்குநராக இருக்கக் கூடாது. இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது. வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது. மக்களிடம் சிக்கனம் கேட்பதற்கு முன் ஆளுவோரைக் கட்டிப்போட்ட இப்படியொரு ஆவணம் அந்தக் கால ஆப்பிரிக்காவில் அரிது.

ஆட்சி முறை ஒரே கட்சி ஆட்சிதான். 1965-இல் அது சட்டமானது. ஆனால் அந்த ஒரே கட்சிக்குள் தேர்தல் நடந்தது. பெரும்பாலான தொகுதிகளில் இரண்டு வேட்பாளர்கள் நின்றார்கள். படிக்கத் தெரியாதவர்களும் வாக்களிக்க இரண்டு சின்னங்கள்: மண்வெட்டி, வீடு. அந்த முதல் தேர்தலில் நிதியமைச்சர் பால் போமானியே தோற்றார். அதிகாரிகள்மீது குடிமக்கள் முறையிட 1966-இல் நிரந்தர விசாரணை ஆணையம் ஒன்றும் அமைந்தது. மறுபக்கம், விசாரணையின்றி ஒருவரைச் சிறை வைக்க 1962-இலேயே இயற்றிய தடுப்புக் காவல் சட்டமும் நைரேரே ஆட்சி முழுக்க நடைமுறையில் இருந்தது.

மரத்தடிப் பள்ளிகள்

அருஷாவுக்கு அடுத்த மாதம் நைரேரே ‘தற்சார்புக்கான கல்வி’ என்ற சிறு நூலை வெளியிட்டார். அதில் அவர் முன்வைத்த கணக்கு எளிமையானது. தொடக்கப் பள்ளியை முடிக்கும் நூறு பேரில் 13 பேருக்குத்தான் உயர்நிலைப் பள்ளியில் இடம். ஆனால் பாடத்திட்டம் முழுவதும் அந்த 13 பேருக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. மீதி 87 பிள்ளைகள் தோற்றவர்களாக வீடு திரும்புகிறார்கள். அப்பன் பிடித்த மண்வெட்டியைப் பிடிக்கவும் கூச்சப்படுகிறார்கள். ஆகவே தொடக்கக் கல்வி தன்னளவில் முழுமையான கல்வியாக வேண்டும். பள்ளிக்கு ஒரு தோட்டம் வேண்டும். அதில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உழைக்க வேண்டும். அடுத்த பருவம் என்ன பயிரிடுவது என்பதைப் பிள்ளைகளே கூடி முடிவெடுக்க வேண்டும் என்றார்.

தொடக்கப் பள்ளிகளில் சுவாஹிலி பயிற்றுமொழியானது. நூற்றுக்கு மேற்பட்ட இனக்குழுக்கள் உள்ள நாட்டை ஒரு மொழியில் பேச வைத்ததில் இந்த முடிவுக்குப் பெரும் பங்கு உண்டு. தம் மொழியில் எதையும் சொல்ல முடியும் என்பதை நாட்டுக்குக் காட்ட, நைரேரே தாமே ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, ‘வெனிஸ் வணிகன்’ நாடகங்களைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார்.

பெரியவர்களுக்கான எழுத்தறிவு இயக்கம் இதைவிடப் பெரியது. பிள்ளைகள் படித்து வளர்ந்து நாட்டை மாற்ற இருபது ஆண்டு ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது என்பது நைரேரேயின் வாதம். 1971-இல் மாஃபியா தீவு, உகெரெவே தீவு, கிளிமஞ்சாரோ உள்ளிட்ட ஆறு பகுதிகளில் எழுத்தறியாமையை முழுவதும் ஒழிப்பது என்று தொடங்கினார்கள். பிறகு அது நாடெங்கும் பரவியது. அந்தந்த ஊரில் படித்தவரே அந்தந்த ஊருக்கு ஆசிரியர். மரத்தடியே வகுப்பறை. பருத்தி விளையும் ஊருக்குப் பருத்தியைப் பற்றிய பாடநூல், வாழை விளையும் ஊருக்கு வாழையைப் பற்றி, மீனவர் ஊருக்கு மீன்பிடிப்பைப் பற்றி. எடைத் தராசில் தன் பருத்தி எவ்வளவு நிற்கிறது என்று படித்துப் பார்க்கத் தெரிந்த விவசாயியை ஏமாற்றுவது கடினம் என்பதைப் பாடம் எழுதியவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

1973-இல் ‘மனிதன் என்றால் நலம்’ என்ற பொருளுடைய பெயரில் ஒரு வானொலி இயக்கம் நடந்தது. ஊர்தோறும் சிறு குழுக்களாக உட்கார்ந்து ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, அங்கேயே வேலையில் இறங்கினார்கள். கழிப்பறைக் குழி வெட்டினார்கள், நீர்நிலைகளைத் துப்புரவாக்கினார்கள். சுமார் 20 லட்சம் பேர் பங்கெடுத்தார்கள். 1967 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 1 கோடியே 23 லட்சம்தான்.

அதே 1973-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. 1974 நவம்பரில் முசோமாவில் கூடிய கட்சி, 1977-க்குள் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஆசிரியர்களுக்கு எங்கே போவது? தொடக்கப் பள்ளி முடித்த இளைஞர்களையே பல்லாயிரக்கணக்கில் எடுத்து, வானொலிப் பாடம், அஞ்சல் பாடம், ஊரிலேயே வகுப்பெடுக்கும் பயிற்சி என்று ஆசிரியர்களாக்கினார்கள். 1974-இல் சுமார் 12 லட்சமாக இருந்த தொடக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை 1980-இல் 33 லட்சத்தைத் தாண்டியது. அரசின் கணக்குப்படி, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் 1967-இல் 67 சதவீதம், 1975-இல் 39 சதவீதம். 1980-களின் நடுவில் பத்தில் ஒருவர்.

குறைகள் இருந்தன. வகுப்பில் நெரிசல், புத்தகத்துக்குத் தட்டுப்பாடு. பள்ளித் தோட்டம் பல இடங்களில் பாடமாக இல்லாமல் கூலியில்லா வேலையாக மாறியது. உயர்நிலைப் பள்ளிகள் கவனிப்பாரின்றித் தேங்கின. இருந்தும், அவ்வளவு ஏழையான ஒரு நாடு அவ்வளவு குறுகிய காலத்தில் அவ்வளவு பேருக்கு எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மறுக்க முடியாத சாதனை.

லிட்டோவா

இனி வயலுக்கு வருவோம். 1967 செப்டம்பரில் நைரேரே இன்னொரு கொள்கை அறிக்கையை வெளியிட்டார். அதன் மையச் சொல் ‘உஜாமா’: குடும்ப உறவு, ஒரே வீட்டார் என்ற உணர்வு. சிதறிக் கிடக்கும் குடிகள் ஓரிடத்தில் கூடி வாழ்ந்தால் பள்ளி, குடிநீர், மருந்தகம் தரலாம். நிலத்தைச் சேர்ந்து உழுதால் விளைச்சலைப் பெருக்கலாம். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தி உஜாமாவுக்குள் தள்ள முடியாது, தாமாக வந்தால்தான் அது உஜாமா என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொன்னது.

அப்படித் தாமாக வந்த ஊர் ஒன்று அப்போதே இருந்தது. தெற்கே சொங்கேயா வட்டாரத்தில் லிட்டோவா. விடுதலைக்குச் சற்று முன் தானு இளைஞர்கள் சிலர் காட்டைத் திருத்தி அமைத்த ஊர். தொடக்கத்தில் பட்டினியில் தடுமாறி, பிறகு காலூன்றினார்கள். பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொள்ள, ருவுமா வளர்ச்சிச் சங்கம் உருவானது. 1960-களின் இறுதியில் 17 ஊர்கள் அதில் இருந்தன. ஊரே கூடி வேலையைப் பகிர்ந்தார்கள். கணக்கை ஊர்க் கூட்டத்தில் வைத்தார்கள். சொந்தமாக மாவு ஆலை நடத்தினார்கள். லிட்டோவாவில் சொந்தப் பள்ளியும் இருந்தது. பிள்ளைகள் படிப்போடு பயிர்த்தொழிலையும் கூட்டு வாழ்க்கையையும் அங்கே கற்றார்கள். நைரேரே அங்கே வந்து பார்த்தார். அவர் கல்வி நூலிலும் உஜாமா அறிக்கையிலும் லிட்டோவாவின் சாயல் உண்டு.

வட்டார அதிகாரிகளுக்கும் கட்சிப் பொறுப்பாளர்களுக்கும் இந்த ஊர்கள் உறுத்தின. இவர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. என்ன பயிரிட வேண்டும் என்று மேலே இருந்து சொன்னால், ஏன் என்று திருப்பிக் கேட்டார்கள். 1969 செப்டம்பரில் தானுவின் மத்தியக் குழு ருவுமா வளர்ச்சிச் சங்கத்தைத் தடை செய்தது. ஆலையும் வாகனங்களும் பறிமுதலாயின. சங்கத்தின் ஆலோசகர் ரால்ஃப் இபட் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. உஜாமாவை மனமுவந்து வாழ்ந்து காட்டிய ஊர்களின் சங்கத்தை, உஜாமாவைக் கொள்கையாக அறிவித்த கட்சியே கலைத்தது.

இந்தத் தொடரில் எத்தனையோ தோல்விகளை எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது மனம் கனக்கிறது. நல்ல விதை முளைத்த இடத்திலேயே மிதிக்கப்பட்டது.

கட்டளை

ருவுமாவுக்குப் பிறகு கிராம மாற்றம் அதிகாரிகளின் வேலையாக மாறியது. எத்தனை ஊர், எத்தனை குடும்பம் என்று எண்ணிக்கை காட்டுவதில் மாவட்டங்கள் போட்டியிட்டன. 1971 டிசம்பர் 25 அன்று, இரிங்கா மண்டல ஆணையர் வில்பர்ட் கிளெரு, மக்காச்சோள விவசாயி சயீது முவாமுவிந்தியின் வயலுக்கே போனார். வாக்குவாதம் முற்றியது. விவசாயி துப்பாக்கியால் ஆணையரைச் சுட்டுக் கொன்றார். உடலைத் தாமே காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்று சரணடைந்தார். பின்னர் தூக்கிலிடப்பட்டார். கிராமத்தில் எவ்வளவு அழுத்தம் சேர்ந்திருந்தது என்பதற்கு அந்தக் கொலை ஓர் எச்சரிக்கை. அதைப் படிக்க யாரும் நிற்கவில்லை.

1973 நவம்பரில் நைரேரே அறிவித்தார்: கிராமத்தில் குடியேறுவது இனி விருப்பம் அல்ல, கட்டளை, 1976 இறுதிக்குள் முடிய வேண்டும். ராணுவ லாரிகள் வந்தன. பல இடங்களில், திரும்பிப் போகாதபடி பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். 1973 முதல் 1976 வரை சுமார் 50 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். 1977-இல் 7,000-க்கும் மேற்பட்ட கிராமங்களில் 1 கோடியே 30 லட்சம் மக்கள் என்று அரசு கணக்குக் காட்டியது.

புதிய ஊர்கள் பெரும்பாலும் சாலையோரம் அமைந்தன. லாரி வர வசதி. அதிகாரி பார்வையிட வசதி. மண் எப்படி, தண்ணீர் எங்கே, வயல் எவ்வளவு தூரம் என்பவை பின்னுக்குப் போயின. பழைய வாழ்க்கையில் ஒரு குடும்பத்துக்கு மேட்டில் ஒரு துண்டு, பள்ளத்தில் ஒரு துண்டு என்று நிலம் சிதறிக் கிடக்கும். மழை பொய்த்தால் ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று காக்கும். அந்த ஏற்பாடு கலைந்தது. 1973–74 வறட்சியும் சேர்ந்துகொள்ள, தானியத்தைப் பெருமளவில் இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. எண்ணெய் விலை உயர்ந்திருந்த நேரம். அந்நியச் செலாவணி கரைந்தது.

முந்திரியின் கதை ஒன்று போதும். தெற்கே முத்துவாரா, லிண்டி பகுதிகள் முந்திரி பூமி. அங்கே விளைந்த கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வரும். கொல்லத்து ஆலைகளில் உடைபடும். 1973–74-இல் தான்சானியாவின் முந்திரி விளைச்சல் சுமார் 1,45,000 டன். மக்களைப் புதிய ஊர்களுக்கு மாற்றியதும் மரங்கள் பழைய ஊரிலேயே நின்றுவிட்டன. களை எடுக்க ஆள் இல்லை. காட்டுத் தீ புகுந்தது. அரசு தந்த கொள்முதல் விலையோ நடந்துபோய்ப் பொறுக்கும் கூலிக்குக் கட்டவில்லை. பிறகு சாம்பல் நோயும் பரவியது. 1986–87-இல் விளைச்சல் சுமார் 16,500 டன்.

கேட்க ஆளில்லாத ஊர்

இடம் மாறியதால் மட்டும் இந்த வீழ்ச்சி வரவில்லை. தவறு நடக்கிறது என்று கீழிருந்து மேலே சொல்லும் வழிகளையும் அரசு அதே ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது.

1972-இல் அதிகாரப் பரவலாக்கம் என்ற பெயரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றங்கள் கலைக்கப்பட்டன. தலைநகரிலிருந்து அதிகாரிகள் மாவட்டங்களுக்கு வந்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். 1976-இல் விவசாயக் கூட்டுறவு ஒன்றியங்கள் ஒழிக்கப்பட்டன. கிளிமஞ்சாரோ காப்பி விவசாயிகள் 1930-களிலேயே காலனி ஆட்சியின்கீழ் அமைத்த ஒன்றியமும் அதில் அடங்கும். பல ஒன்றியங்களில் ஊழல் இருந்தது உண்மை. அவற்றின் இடத்தில் வந்த அரசுப் பயிர் வாரியங்கள் செலவில் பெருத்தன. விவசாயிக்குப் பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. ஒன்றியத் தலைவரைத் தேர்தலில் மாற்றலாம். வாரிய அதிகாரியை விவசாயி என்ன செய்ய முடியும்? கொட்டையைப் பொறுக்காமல் மரத்திலேயே விடலாம். அதைத்தான் செய்தார்.

1978-இல் இடி அமீனின் உகாண்டா படையெடுத்தது. அந்தப் போரில் தான்சானியா வென்றது. ஆனால் கஜானா காலியானது. 1980-களின் தொடக்கத்தில் கடைகளில் சோப்பும் சர்க்கரையும் இல்லை.

நைரேரேயின் பெருமை இங்கே இன்னொரு முறை தெரிகிறது. அருஷாவின் பத்தாம் ஆண்டில், நாடு இன்னும் தற்சார்பும் அடையவில்லை, சமதர்மமும் அடையவில்லை என்று அச்சிட்டே வெளியிட்டார். 1984-இல் ஒரு நேர்காணலில், மறுபடி தொடங்கினால் உள்ளாட்சியைக் கலைக்க மாட்டேன், கூட்டுறவுகளை ஒழிக்க மாட்டேன், நாங்கள் பொறுமையிழந்தோம் என்று ஒப்புக்கொண்டார். 1982-இல் இயற்றிய சட்டங்கள் இரண்டையும் மீட்டன. 1985-இல் தாமாகவே பதவி விலகி, புத்தியாமாவுக்குத் திரும்பி மண்வெட்டியைப் பிடித்தார். 1995-இல் இந்திய அரசு காந்தி அமைதி விருதை முதன்முதலாக அவருக்கே வழங்கியது.

ஒரே தலைவர், ஒரே கட்சி, ஒரே நல்லெண்ணம். எழுத்தறிவில் வென்றது, வயலில் தோற்றது. ஊர்க்காரரே ஊருக்கு ஆசிரியராகி, ஊரின் பயிரே பாடமான இடத்தில் மக்கள் தோள் கொடுத்தார்கள். ஊரையே பெயர்த்து வைத்துவிட்டுக் கருத்தும் கேட்காத இடத்தில் கைவிட்டார்கள். கொங்வாவில் லண்டன் செய்த பிழையைச் சொந்த மக்களின் அரசும் செய்ய முடியும் என்பது கசப்பான உண்மை. விவசாயிக்கு நன்மை செய்ய நினைக்கும் எந்த அரசும், வேண்டாம் என்று அவர் சொல்ல ஓர் இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கட்டும்.

1999 அக்டோபர் 14-இல் நைரேரே லண்டன் மருத்துவமனை ஒன்றில் காலமானார். அதே ஆண்டில் தான்சானிய நாடாளுமன்றம் கிராம நிலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி கிராம நிலத்தை நிர்வகிப்பது கிராம மன்றம். வயதுவந்த ஊர்மக்கள் அனைவரும் கூடும் கிராமப் பேரவையின் ஒப்புதல் இல்லாமல் அந்த மன்றம் யாருக்கும் நிலம் ஒதுக்க முடியாது.

(தொடரும்)